நந்தன் கிந்தன்: ஒரு எதிரொலிச் சொல் ரயிலேறிய கதை

1

நாம் எல்லோரும் தினமும் யோசிக்காமல் செய்கிற இலக்கண வேலை ஒன்று இருக்கிறது. "காப்பி கீப்பி குடிச்சிட்டுப் போங்க" என்கிறோம். "பணம் கிணம் கேட்டா குடுத்துடாத" என்கிறோம். "சட்டம் கிட்டம் பேசாத" என்கிறோம். சொல்லின் முதலெழுத்தைத் தூக்கிவிட்டு, குறில் என்றால் 'கி', நெடில் என்றால் 'கீ' போட்டால் போதும். சொல்லுக்கு ஒரு வால் முளைத்துவிடும். மொழியியல்காரர்கள் இதற்கு எதிரொலிச் சொல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த வாலுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. கீப்பி என்று ஒரு பானம் எந்தக் கடையிலும் விற்பதில்லை. காப்பிக்குப் பின்னால்தான் கீப்பி வரும், தனியாக வராது. வரும்போது அதற்கு இரண்டு வேலை. ஒன்று, 'காப்பியோ, அந்த மாதிரி வேறு ஏதோ' என்று மிச்சத்தையெல்லாம் சேர்த்துச் சுட்டுவது. இன்னொன்று, கொஞ்சம் அலட்சியம். 'சட்டம் கிட்டம்' என்றால் சட்டத்துக்கு அந்த இடத்தில் மரியாதை குறைவு என்று அர்த்தம்.

இப்போது 'நந்தன்' என்ற பெயருக்கு இந்த விதியைப் போட்டுப் பாருங்கள். நந்தன் கிந்தன்.

1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் ஒரு கதாகாலட்சேபம் செய்வார். அதன் நாயகன் பெயர் கிந்தனார். எழுதிக் கொடுத்தவர் உடுமலை நாராயணகவி. 'நந்தனாரைக் கிண்டல் பண்ணிக் கிந்தனார்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நம் ஆட்கள் அடுத்த நகைச்சுவைக் காட்சிக்குப் போய்விடுகிறார்கள். நான் அங்கேயே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். தனியாக நிற்க உரிமையில்லாத ஒரு வால்சொல்லைப் பிடித்து, அதற்கு 'ஆர்' என்ற மரியாதை விகுதியும் போட்டு, கதையின் நடுவில் நிறுத்தியிருக்கிறார் ஒருவர். இது சும்மா வந்த சிரிப்பு இல்லை.

2

பாட்டுக்குப் பின்னால் கதை தேடுவது நம் ஊரில் பெரிய பொழுதுபோக்கு. எந்தக் கண்ணதாசன் பாட்டை எடுத்தாலும் அதற்கு ஒரு சம்பவம் தயாராக இருக்கும். இந்தப் பாட்டு கடன் கேட்டுக் கிடைக்காதபோது எழுதியது, அந்தப் பாட்டு கட்சியை விட்டு வந்தபோது எழுதியது என்பார்கள். 'பட்டணத்தில் பூதம்' படத்தில் சிவகாமியின் மகனிடம் சேதி சொல்லச் சொல்லும் பாட்டைக் காமராஜருக்கு விட்ட தூது என்று இன்றும் சொல்கிறார்கள். காமராஜரின் தாயார் பெயர் சிவகாமி என்பதால் அந்தக் கதை நன்றாக ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கதைகளில் உண்மை இருக்கலாம். ஆனால் சம்பவம் தெரிந்ததும் பாட்டைக் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். பாட்டு ஒரு விடுகதை, கவிஞரின் வாழ்க்கை அதற்கு விடை என்பதுபோல.

இன்னொரு வழி, பாட்டுக்குள் எந்தப் பழைய பாட்டு இருக்கிறது என்று பார்ப்பது. நாராயணகவியிலேயே உதாரணம் இருக்கிறது. 'பராசக்தி'யில் (1952) பசியோடு சென்னைத் தெருவில் அலையும் குணசேகரன் காக்கைகளைப் பார்த்துப் பாடுவான். சி.எஸ்.ஜெயராமன் குரல், நாராயணகவியின் வரிகள். இரை கிடைத்தால் தன் கூட்டத்தைக் கூப்பிட்டுச் சேர்ந்து தின்னும் காக்கையைப் பற்றி வள்ளுவர் 'சுற்றந்தழால்' அதிகாரத்தில் பேசுகிறார். சுற்றத்தைத் தழுவிக்கொள்பவனுக்கே ஆக்கம் என்பதற்கு அங்கே அது சாட்சி. படத்தில் அதே காக்கை வருகிறது. ஆனால் அதைப் பார்ப்பவனுக்குச் சுற்றமும் இல்லை, சோறும் இல்லை. குறள் தெரியாவிட்டாலும் பாட்டு புரியும். தெரிந்தால், வள்ளுவர் அரசனுக்குச் சொன்ன அறிவுரை இங்கே ஊருக்கு எதிரான புகாராக மாறியிருப்பது தெரியும்.

வாழ்க்கையை வைத்துப் படிப்பது, பழைய பாட்டை வைத்துப் படிப்பது என்ற இந்த இரண்டு வழிகளையும் தனித்தனியாக வைத்தால் இரண்டுமே அரைகுறைதான். ஒன்று வம்பாக முடியும், இன்னொன்று புலமைக் கணக்காக முடியும். கிந்தனாருக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது.

3

முதலில் நந்தன் எங்கிருந்து வருகிறான்?

சுந்தரர் தன் திருத்தொண்டத்தொகையில் அடியார்களின் பட்டியல் போடும்போது 'திருநாளைப்போவார்' என்ற பெயரை மட்டும் சொல்லிப் போகிறார். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் என்று பொருள். அதற்குப் பிறகு நம்பியாண்டார் நம்பி, பிறகு 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார். பெரியபுராணத்தில் இந்த நாயனாருக்கு நாற்பதுக்கும் குறைவான பாடல்களே. ஆதனூர்ப் புலைப்பாடி, கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுக்கும் தொண்டு, திருப்புன்கூரில் விலகிக் கொடுத்த நந்தி, தில்லையின் எல்லையில் தயங்கி நின்றது, கடைசியில் தீக்குள் இறங்கி முந்நூல் அணிந்த முனிவராக எழுந்தது, சந்நிதிக்குள் போய் மறைந்தது. இவ்வளவுதான்.

கவனிக்க வேண்டிய ஒன்று. சேக்கிழாரின் நந்தனை யாரும் வயலில் தடுப்பதில்லை. தன் குலத்தை நினைத்துத் தானே தயங்குகிறார்; 'நாளை' அவருக்குள்ளேயே இருக்கிறது. தடுப்பவரைக் கொண்டுவந்தவர் 19ஆம் நூற்றாண்டின் கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில்தான் வேதியர் என்ற பண்ணையார் வருகிறார்; நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுத்தான் சிதம்பரம் போகலாம் என்கிறார். தஞ்சைப் பக்கத்து பண்ணையடிமை முறையைக் கண்ணால் பார்த்த ஒருவர் செய்த மாற்றம் இது. அதற்குப் பிறகு 'நாளை' என்பது பக்தனின் கூச்சமாக இல்லை. ஆண்டையின் உத்தரவாக ஆகிவிட்டது.

இந்தக் கீர்த்தனைக்குப் பாயிரம் கேட்டு பாரதியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பலமுறை நடந்த கதையை உ.வே.சாமிநாதையர் சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு இரண்டு குறை: இலக்கணப் பிழை, சேக்கிழாரிலிருந்து விலகல். பிறகு பாரதியார் தனியாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு உருகித்தான் எழுதிக் கொடுத்தார். அதாவது நாம் இன்று மரபு என்று நினைக்கும் நந்தனாரே, ஒரு காலத்தில் புலவர் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடந்தவர்தான்.

காத்துக் கிடந்தவர் பிறகு மேடையைப் பிடித்துவிட்டார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் கதாகாலட்சேபத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தபோது நந்தனார் அதன் பெரிய ஈர்ப்பானார். 1935இல் 'பக்த நந்தனார்' படம். அதில் நந்தனாராக நடித்தவர் ஒரு பெண், எங்கள் கொங்குப் பக்கத்துக் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். அவருக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்பது அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். 1942இல் மறுபடியும் 'நந்தனார்', இந்த முறை தண்டபாணி தேசிகர். ஆக, 1949இல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களின் காதில் நந்தனார் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தார். கிந்தனார் என்ற பெயரைக் கேட்டதும் அவர்கள் சிரித்ததற்குக் காரணம், முதல் சொல்லை அவர்களே மனசுக்குள் சொல்லிக்கொண்டார்கள். எதிரொலிச் சொல் வேலை செய்வதே அப்படித்தான்.

4

இனி, எழுதியவர்.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் பூளவாடி. அன்றைக்குக் கோயம்புத்தூர் மாவட்டம், இன்றைக்குத் திருப்பூர் மாவட்டம். 1899இல் பிறந்த நாராயணசாமி சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். அண்ணன் ஆதரவு. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் தீப்பெட்டி சுமந்து விற்றார். படிப்பு நின்ற இடத்தில் வேறொரு படிப்பு தொடங்கியது: உடுக்கடிப் பாட்டு, ஒயில் கும்மி, தப்பு, புரவியாட்டம். ஊர்த் திருவிழாவில் ராம நாடகத்தில் லட்சுமணன் வேஷம் கட்டியவரைப் பார்த்து முத்துசாமிக் கவிராயர் தன்னோடு கூட்டிப் போனார். அங்கிருந்து மதுரை நாடக உலகம். யாப்பிலக்கணம் கற்றது சங்கரதாஸ் சுவாமிகள் போன்ற நாடகக்காரர்களிடம். தேசிய இயக்கப் பாடல்கள் எழுதி மேடையேறினார். ஊரில் கதர்க்கடை வைத்தார், கடனில் மாட்டினார். 1930களில் கிராமபோனுக்கும் படத்துக்கும் எழுத வந்தார். பிறகு பெரியாரின் இயக்கத்துப் பக்கம் சாய்ந்தார். பெயரோடு 'கவிஞர்' என்று போட்டுக்கொள்ளாமல் 'கவி' என்று மட்டும் வைத்துக்கொண்டார்.

இந்த வாழ்க்கையை வைத்துக்கொண்டு கிந்தனாரைப் பார்த்தால் ஒரு விடை உடனே கைக்கு வந்துவிடுகிறது. ஊரில் படிக்க வழியில்லாத சேரிப் பையன் கிந்தன். ரயிலேறிச் சென்னைக்குப் போகிறான். படிக்கிறான். பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாகி ஊருக்குத் திரும்பி வருகிறான். அட, நாலாம் வகுப்போடு நின்ற பையன் தனக்குக் கிடைக்காததைக் கிந்தனுக்குக் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை. நாராயணகவி சேரியில் பிறந்தவர் இல்லை. அவரைப் பள்ளியிலிருந்து வெளியே தள்ளியது வறுமை, சாதி இல்லை. கிந்தனைத் தள்ளுவது இரண்டும். கிந்தனாரை அவர் தனியாகவும் செய்யவில்லை. கலைவாணரின் குரல், உடம்பு, கேலி எல்லாம் சேர்ந்துதான் அது கிந்தனார். வாழ்க்கையை விடையாக வைத்தால் கிந்தன் நாராயணகவியின் மாறுவேஷமாகிவிடுவான். அது கிந்தனுக்குச் செய்யும் அநியாயம்.

வாழ்க்கை வேறு ஒன்றுக்குப் பயன்படுகிறது. இந்தக் கையில் என்னென்ன கருவிகள் இருந்தன என்று அது சொல்கிறது. புலவர் கல்லூரியில் படித்த ஒருவர் நந்தனாரை மறுத்து எழுதியிருந்தால் 'புதிய நந்தனார்' என்றோ 'புரட்சி நந்தன்' என்றோ பெயர் வைத்திருப்பார். உடுக்கையோடும் கும்மியோடும் வளர்ந்தவருக்கு, நாக்கில் புழங்குகிற மொழி எங்கே குத்தும் என்று தெரியும். ஏட்டு இலக்கணம் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு பேச்சு விதியை எடுத்து, ஏட்டில் உட்கார்ந்திருந்த ஒரு நாயனாரின் பெயர் மேல் போட்டார்.

அப்படிப் போட்டதும் பெயருக்குள் ஒரு வாதம் வந்துவிடுகிறது. நந்தன் ஒருவன். அவனுக்காக நந்தி விலகியது, தீ குளிர்ந்தது. மிச்சப்பேர்? ஆதனூர்ப் புலைப்பாடியில் நந்தனின் அண்டை வீட்டுக்காரனுக்கு எந்த நந்தியும் விலகவில்லை. அந்த மிச்சப்பேர்தான் கிந்தன். 'நந்தன் கிந்தன்' என்று ஊர் அலட்சியமாகச் சேர்த்துச் சொல்லும்போது வாலில் தொங்குகிற எல்லோரும் அவன்தான்.

5

கிந்தனாரில் மிகவும் புகழ்பெற்ற பகுதி ரயில் பாட்டு. சக்கரம் சுழல்கிற சத்தமும் கரும்புகையுமாக வருகிற ரயிலை வாழ்த்துகிற பாட்டு அது. மறை ஓதுகிறவரையும் சேரிக்காரரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகிறாயே என்று அந்த இரும்பு வண்டியைக் கும்பிடுகிறது. தில்லை நடராசருக்குப் போக வேண்டிய தோத்திரம் ரயிலுக்குப் போகிறது.

இன்றைக்கு இந்தப் பாட்டைக் கேட்கிறவர்களுக்கு இது பழைய காலத்து வெகுளித்தனமாகத் தோன்றலாம். ரயில் வந்தால் சாதி போய்விடுமா என்று கேட்கத் தோன்றும். நியாயம்தான். ஆனால் பாட்டுக்குப் பின்னால் இரண்டு செய்திகளை வைத்துப் பாருங்கள்.

ஒன்று, ஊர்ச் செய்தி. திண்டுக்கல்லிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் ரயில் பாதை, உடுமலைப்பேட்டை வழியாக, 1928இல் திறக்கப்பட்டது. நாராயணகவிக்கு அப்போது கிட்டத்தட்ட முப்பது வயது. அவர் சின்னப் பையனாகக் கவிராயர் பின்னால் மதுரைக்குப் போன காலத்தில் உடுமலைக்கு ரயிலே கிடையாது. ரயில் வருவதற்கு முந்தைய ஊரையும் வந்தபிறகான ஊரையும் இரண்டையும் பார்த்த தலைமுறை அது. பெட்டிக்குள் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பது அவர்களுக்குக் கண்ணெதிரே நடந்த செய்தி. அது தத்துவமில்லை. கொடுமுடி சுந்தராம்பாளும் சிறுமியாக ரயிலில் பாடிக்கொண்டிருந்தபோதுதான் கண்டெடுக்கப்பட்டார் என்று கதை சொல்வார்கள். கொங்கு நாட்டின் நந்தனுக்கும் கிந்தனுக்கும் இடையில் எப்படியோ ஒரு ரயில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது, ரயில் நிலையச் செய்தி. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு தென்னிந்தியாவில் 1940களின் தொடக்கம் வரை இருந்தது; அதை எதிர்த்து சுயமரியாதை இயக்கம் நெடுநாள் குரல் கொடுத்தது. அதாவது பெட்டிக்குள் ஒன்றாக உட்கார்ந்து வந்தவர்கள் இறங்கிச் சாப்பிடும்போது பிரிந்தார்கள். நல்லதம்பி வெளிவந்தபோது அந்த ஏற்பாடு போய் பத்து வருஷம்கூட ஆகவில்லை. இந்தப் பின்னணியில் ரயிலைக் கும்பிடுவது வெகுளித்தனமா? உள்ளே நடப்பதை வெளியேயும் நடத்து என்று பிளாட்பாரத்துக்குச் சொன்ன சேதியாக எனக்கு அது கேட்கிறது.

ரயிலை நந்தன் கதைக்குள் கொண்டுவந்தவர்களில் நாராயணகவி முதல்வர் இல்லை. 1934இல் மணிக்கொடியில் வந்த புதுமைப்பித்தனின் 'புதிய நந்தன்' கதையிலும் ரயில் வருகிறது. அந்தக் கதையும் ஆதனூரில்தான் நடக்கிறது. காந்தியின் ஹரிஜன யாத்திரைக் காலம். காந்தி வருகிற ரயில் ஊரை நெருங்குகிறது. தண்டவாளத்தில் கிழவன் கருப்பன். அவனைக் காப்பாற்ற ஒரு பக்கமிருந்து காந்தியவாதியான பிராமண இளைஞன் ஓடுகிறான். இன்னொரு பக்கமிருந்து சுயமரியாதைக்காரனாகிவிட்ட கருப்பனின் மகன் ஓடுகிறான். மூன்று பேரும் ரயிலுக்கு அடியில் போகிறார்கள். புதுமைப்பித்தனின் ரயில் யாரையும் ஏற்றிக்கொள்ளவில்லை. பழைய நந்தனுக்குத் தீ செய்ததை அது செய்தது, மோட்சத்தைக் கழித்துவிட்டு.

அந்தக் கதையில் எதிரெதிர்த் திசையிலிருந்து ஓடிவரும் இருவரும், காந்தியவாதியும் சுயமரியாதைக்காரனும், நாராயணகவியின் வாழ்க்கையில் ஒரே ஆள். முதலில் கதர்க்கடை, பிறகு பெரியார். காந்தி தன் பேச்சுகளில் நந்தனாரைப் பொறுமையின் வலிமைக்கு உதாரணமாக எடுத்துச் சொன்னவர். அந்த நந்தன் கெஞ்சியே ஜெயித்தவன். கதர் விற்ற நாராயணகவிக்கும் அந்த நந்தன் பழக்கமானவனாகவே இருந்திருப்பான். பிறகு அவனை விட்டு அவர் நகர்ந்தார். அவர் எங்கிருந்து நகர்ந்தார் என்பது தெரிந்தால், கிந்தனாரில் ஒலிக்கிற கேலி வெளியாள் செய்த கேலியாகக் கேட்காது. ஒரு காலத்தில் தானும் தலையாட்டிய கதையைத் தூக்கிப் பார்த்துச் சிரிப்பவரின் சிரிப்பு அது.

6

இப்போது இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

நந்தன் கேட்பது கோயில். கிந்தன் கேட்பது பள்ளிக்கூடம். இந்த மாற்றம் நடக்கிற வருஷம் முக்கியம். சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேச உரிமைச் சட்டம் 1947இல் வந்துவிட்டது. படம் 1949. நந்தன் தில்லை எல்லையில் நின்று கேட்ட கேள்விக்குச் சட்டம் ஒரு பதில் எழுதியாகிவிட்டது. அந்த நேரத்தில் மறுபடியும் கோயில் வாசலில் நின்று அழுவதில் பயனில்லை என்று கிந்தனாருக்குத் தெரிகிறது. கேள்வியை அது அடுத்த வாசலுக்கு நகர்த்துகிறது. உள்ளே விட்டால் போதுமா, பலகையும் பென்சிலும் யார் கொடுப்பார்கள்?

நந்தன் சொல்வது நாளை. ரயிலுக்கு நாளை கிடையாது. அதற்கு மணிதான் உண்டு. ஆண்டை உத்தரவு கொடுத்தால் வண்டி கிளம்பும், கொடுக்காவிட்டால் நிற்கும் என்றெல்லாம் இல்லை. டிக்கெட்டுக்குக் காசு இருந்தால் ஏறு. பண்ணையில் ஆண்டையின் வாயைப் பார்த்தே பொழுதைக் கணக்குப் போட்டு வாழ்ந்தவனுக்கு, யாருக்காகவும் நிற்காத கடிகாரம் என்பது எவ்வளவு பெரிய விடுதலை என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நந்தன் தீக்குள் போனான். ரயிலும் தீயால்தான் ஓடுகிறது. பாட்டு கரும்புகையைச் சொல்கிறது. புகைக்குப் பின்னால் கொதிகலனில் நிலக்கரி எரிவதை நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். பழைய கதையில் தீ அவன் உடம்பை வாங்கிக்கொண்டு வேறு உடம்பைக் கொடுத்தது, பூணூலோடு. புதிய கதையில் தீ முன்னால் எஞ்சினில் எரிகிறது, கிந்தன் பின்னால் பெட்டியில் தன் உடம்போடேயே உட்கார்ந்திருக்கிறான். இதை நாராயணகவி நினைத்து எழுதினாரா? தீப்பெட்டி விற்ற பையன்தானே, நெருப்பு அவர் தலையிலேயே இருந்ததே என்று இழுத்துக்கட்ட ஆசையாக இருக்கிறது. அந்த ஆசையைத்தான் அடக்க வேண்டும். இந்த வாசிப்பு நிற்பது பூளவாடித் தீப்பெட்டியால் இல்லை; இரண்டு கதைகளிலும் மாற்றம் நடக்கிற இடத்தில் நெருப்பு இருப்பதால். தீப்பெட்டி ஒரு நல்ல தற்செயல். அப்படியே இருக்கட்டும்.

கடைசி வித்தியாசம்தான் எனக்குப் பெரியதாகப் படுகிறது. நந்தன் திரும்பி வரவில்லை. சந்நிதிக்குள் போனவன் போனவன்தான். ஆதனூர் அவனை மறுபடி பார்க்கவில்லை. ஆகவே ஆதனூர் மாறவும் தேவைப்படவில்லை. ஒருவனைத் தெய்வமாக்கிவிட்டால் அவனோடு ஒரே தெருவில் வாழ வேண்டிய தொல்லை ஊருக்கு இல்லை. கிந்தன் திரும்பி வருகிறான். ஊர்ப் பள்ளிக்கே, அதிகாரியாக. இனி அவனைப் பார்த்து ஊர் ஏதாவது செய்தாக வேண்டும். நாற்காலி போட வேண்டும். தண்ணீர் கொடுக்க வேண்டும். எந்த டம்ளரில் என்று முடிவு செய்ய வேண்டும்.

7

இவ்வளவு சொன்ன பிறகு கிந்தனாரின் எல்லையையும் சொல்லாவிட்டால் இது வெறும் புகழாரமாகிவிடும்.

நந்தனை உள்ளே விடுவதற்கு முன் தீ அவனைப் பிராமண முனிவனாக மாற்றியது; நந்தனாகவே உள்ளே போக முடியவில்லை என்பதுதான் அந்தப் புராணத்தின் மேல் இருக்கும் பழைய குற்றச்சாட்டு. கிந்தனுக்கு மட்டும் என்ன? கோட்டும் பதவியும் போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் ஊர் எழுந்து நிற்கிறது. அதிகாரியாகாத கிந்தனுக்கு யார் எழுந்து நிற்பார்கள்? பூணூலின் இடத்தில் பதவி வந்திருக்கிறது. பூணூலைப் போல அது பிறப்பால் வருவதில்லை என்பது பெரிய வித்தியாசம்தான். ஆனாலும் மாறு, பிறகு வா என்கிற நிபந்தனை அப்படியே இருக்கிறது.

இன்னொன்று. சேக்கிழார், கோபாலகிருஷ்ண பாரதியார், புதுமைப்பித்தன், நாராயணகவி, கலைவாணர் என்று நந்தனைச் சொன்ன இந்த வரிசையில் நந்தனின் சாதியைச் சேர்ந்தவர் யாரும் இல்லை. எல்லோரும் பக்கத்தில் நின்று சொன்னவர்கள். வேறு ஒரு நந்தன் இருந்தான். நீலகிரியில் வளர்ந்த அயோத்திதாசப் பண்டிதர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நந்தனைப் பௌத்த அரசனாக எழுதினார். வஞ்சகத்தால் கொல்லப்பட்ட அரசனை, பின்னால் வந்தவர்கள் பண்ணையாளாக மாற்றிப் பாடிவிட்டார்கள் என்றார். அந்த நந்தன் யாரிடமும் உள்ளே விடச்சொல்லிக் கேட்பதில்லை, இழந்ததைக் கேட்கிறான். கொட்டகைக்கு அவன் வரவேயில்லை. திரைப்படத் தமிழ் ஒரு நந்தனை மட்டும்தான் எதிரொலித்தது. எந்த நந்தனை முதல் சொல்லாக எடுத்துக்கொள்கிறோமோ அதற்கேற்றபடிதான் எதிரொலியும் வரும்.

ஆனால் எதிரொலிச் சொல்லுக்கு ஒரு குணம் உண்டு என்று தொடக்கத்தில் பார்த்தோம். அது மிச்சத்தையெல்லாம் சேர்த்துச் சுட்டும். கிந்தனார் என்ற பெயர் ஒரு ஆளின் பெயராக மட்டும் முடியாததற்கு அதுதான் காரணம். இன்றைக்குக் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரிக்கோ அரசுக் கலைக் கல்லூரிக்கோ காலை ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்குகிற, குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்கிற பையனும் பெண்ணும் அதில் அடங்குவார்கள். அவர்களில் ஒருவர் படித்து முடித்து ஊருக்குத் திரும்பினால், பழைய டீக்கடையில் எந்த டம்ளரில் டீ கிடைக்கும் என்பதுதான் நாராயணகவி விட்டுவிட்டுப் போன கேள்வி.

நாராயணகவி 1981இல் இறந்தார். உடுமலைப்பேட்டையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, 2008இல் தபால்தலையும் வந்தது. அவருடைய கிந்தனாரை இணையத்தில் தேடினால் 'பழைய காமெடி' என்ற தலைப்பில்தான் கிடைக்கும். கேளுங்கள், சிரிப்பும் வரும். சிரித்து முடித்த பிறகு அந்தப் பெயரை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். வால்சொல்லுக்கு 'ஆர்' போட்டு மரியாதையாகக் கூப்பிட்ட ஆள், நம் மொழியில் அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.